வலமாக மட்டும் திரும்பிய படகு

கடலே இல்லாத ஊரில் அலையைச் சமாளிக்கப் பயிற்சி. வேங்கிக்கால் ஏரிக்கரையில் ஷாமியானா, மைக், டீ, போண்டா எல்லாம் தயார். ரப்பர் படகுக்குக் காற்றடிக்கத்தான் யாருக்கும் ஞாபகமில்லை.

போன மழையில் தென்பெண்ணை பெருகியபோது, ஆற்றோரம் இருக்கும் எங்கள் ஊரில் அப்பா மொட்டை மாடியில் நின்று மீட்புப் படகுக்காகக் காத்திருந்தார். படகு வந்தது, வெள்ளம் வடிந்த பிறகு. அதனால்தான் வெள்ள மீட்புக்குத் தன்னார்வலர்கள் தேவை என்றதும் நான் பெயர் கொடுத்தேன். கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவள் நான். எங்கள் குழுத் தலைவர் டவுனில் பம்புசெட் கடை வைத்திருப்பவர். எஞ்சின் தெரிந்தவராம், அதனால் படகு ஓட்டும் வேலையும் அவருக்கே. நீச்சல் தெரியுமா என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை.

கடலூர்ப் பக்கமிருந்து வந்த பயிற்சியாளர் இன்னொரு மோட்டார் படகை எங்களைச் சுற்றி வேகமாக ஓட்டி அலை எழுப்பினார். பாடம் ஒன்றுதான். அலை எந்தப் பக்கம் வந்தாலும் படகின் மூக்கை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும், விலாவைக் காட்டினால் கவிழும். வலப்பக்க அலைக்குத் தலைவர் ஜோராகத் திரும்பினார். இடப்பக்க அலைக்கும் வலமாகவே திரும்பினார். முழுச் சுற்று சுற்றி அவர் மூக்கை நீட்டுவதற்குள் அலை எங்கள் மடியில் வந்து உட்கார்ந்துவிட்டது.

பயிற்சியாளர் காரணம் கேட்டார். தலைவர் எதிரே தெரிந்த மலையைக் காட்டினார். "அண்ணாமலையாரை வச்சுக்கிட்டு இடமா சுத்தக் கூடாதுங்க சார்." குழுவில் மற்றவர்களும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். நானும் பௌர்ணமி தவறாமல் மலையை வலம் வருகிறவள்தான். ஆனால் வெள்ளம் கிரிவலம் போகாது என்று தெரிகிற அளவுக்காவது எனக்கு மூளை இருக்கிறது.

பயிற்சியாளர் கொஞ்ச நேரம் என்னை ஓட்டச் சொன்னார். இடமாகத் திருப்பினேன், சாமி கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடி தலைவர் உட்கார்ந்தார், படகு கவிழ்ந்தது. வேர்க்கிறதென்று லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளைக் கழற்றிவிட்டிருந்த அந்த மனுஷரைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவந்து கரை சேர்த்தேன். பூஜை போடாமல் படகை இறக்கியதுதான் தப்பு என்று, தண்ணீர் சொட்டச் சொட்ட எல்லாரிடமும் விளக்கிக்கொண்டிருந்தார்.

என்னையே ஓட்ட விடும்படி பயிற்சியாளர் எவ்வளவோ வாதாடினார். மாலையில் நடந்த விழாவில் சால்வையும் எஞ்சினும் தலைவருக்கே போயின. எனக்குத் துடுப்பு. வந்த ஆத்திரத்தில் அப்படியே பஸ் ஏறி அப்பாவிடம் போனேன். இந்தப் படகை நம்பாதீர்கள், மழைக்கு முன்னாலேயே என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன்.

அப்பாவுக்கு என் பேச்சு எட்டவே இல்லை, முகமெல்லாம் பெருமை.

"நீ படகுல வர்றேன்னு ஊர் பூரா சொல்லிட்டேம்மா. போன மழைல முன்கூட்டியே ஸ்கூல் முகாமுக்குப் போயிட்டவங்ககூட, இந்த வாட்டி வீட்டுலயே இருந்துக்கறோம்னுட்டாங்க."