ஒளிந்து கொண்டாடிய தீபாவளி

எங்கள் வகையறாவில் சாக வேண்டியவர்கள் ஐப்பசி வரும்வரை பொறுத்திருப்பார்கள். சித்திரையில் கோயில் கொடை, ஆனியில் சாரல், ஆடியில் நாற்றங்கால் என்று வருஷம் முழுக்க அவர்களுக்கு வேலை. தீபாவளிக்கு மூன்று நாலு நாள் இருக்கும்போதுதான் கண்ணை மூட ஒழிவு கிடைக்கும். நான் இதை ஒரு முறை பங்காளிகள் கூடியிருந்த இடத்தில் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த ஐப்பசியில் யார் முறை என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் நமக்குப் பண்டிகை இல்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக்கூடாது, கோடித்துணி உடுத்தக்கூடாது, வெடி போடக்கூடாது. செத்தவர் முகத்தை நாம் பார்த்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஏழு தலைமுறைக்கு முன்னால் ஒரே பானையில் சோறு தின்றிருந்தால் போதும். தொடர்ந்து மூன்று வருஷம் இப்படி நடந்தது. முதல் வருஷம் சுரண்டையில் ஒரு சித்தப்பா முறை. மறு வருஷம் கடையநல்லூரில் ஒரு பெரியம்மை முறை. மூன்றாவது யார் என்பதே எனக்கு விளங்கவில்லை. துட்டி சொல்ல வந்த ஆளுக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் சாவுச் செய்தி சாவுச் செய்திதான். குளித்துவிட்டு உட்கார்ந்தோம்.

அப்போது நான் தென்காசியில் ஒரு வக்கீலுக்குக் குமாஸ்தா. யுத்தம் வருவதற்கு முந்திய காலம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நாலு. மகளுக்கு நினைவு தெரிந்து அவள் ஒரு வெடி போட்டதில்லை. பண்டிகை இல்லாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் பலகாரம் கொடுத்தனுப்புவது வழக்கம். ஓலைப்பெட்டியில் வருவதைத் தின்றுவிட்டு, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டுப் பிள்ளைகள் மத்தாப்புக் கொளுத்துவதைப் பார்ப்பாள். மூன்றாவது வருஷம் தாயிடம், தீபாவளி எதிர்வீட்டுக்காரங்களோட பண்டிகையா என்று கேட்டாள். முதல் வருஷம் தைத்த பாவாடை பெட்டியிலேயே கிடந்து, எடுத்துப் பார்த்தபோது முழங்காலுக்கு வந்திருந்தது. என் மனைவி அடிமடிப்பைப் பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். மறு வருஷமும் பிரித்தாள். மூன்றாவது வருஷம் பிரிக்க மடிப்பு இல்லை.

நாலாவது வருஷம் ஐப்பசி பிறந்ததுமே செங்கோட்டையில் ஒரு பெரியப்பா படுத்துவிட்டார். நெருங்கிய பங்காளி. என் அப்பா பேரில் வாய்க்கால் வரப்புக்காகப் பிராது கொடுத்து, அப்பா காலம் முடிகிறவரைக்கும் வழக்கை இழுத்தவர். ஆகாரம் இறங்கவில்லை, பாலும் இறங்கவில்லை, இன்றோ நாளையோ என்று செய்தி வந்தது. நான் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. மனிதர் வகையறா வழக்கத்தை மீறவில்லை என்று சொல்லிச் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"கட்சிக்காரனை கோர்ட்டுச் சேவகன் கண்ணுல படாம ஒளிச்சு வைக்கத் தெரியுதுல்லா? துட்டி சொல்ல வாறவன் கண்ணுல படாம எம் பிள்ளையள ஒளிச்சு வைக்கத் தெரியாதா?"

என் பிழைப்பின் ரகசியமே அதுதான். சம்மன் கையில் வாங்காத வரைக்கும் வழக்கு நம்மைத் தொடாது. சேவகன் வரும் நாளில் கட்சிக்காரர் திருச்செந்தூருக்கோ சங்கரன்கோவிலுக்கோ சாமி கும்பிடப் போயிருப்பார். அனுப்பி வைப்பது நான். தீட்டுக்கும் அதே சட்டம்தான். காதில் விழுந்த பிறகுதான் தீட்டு. நாள் கடந்து காதில் விழுந்தால் தலைக்கு ஒரு முழுக்கு, அவ்வளவுதான். இத்தனை வருஷம் கோர்ட்டுப் படியேறியவனுக்கு இது தோன்றவில்லை, சமையற்கட்டில் இருந்தவளுக்குத் தோன்றியது. அன்றைக்கே ஏற்பாட்டில் இறங்கினேன். இவ்வளவு உற்சாகமாக நான் எந்தக் கட்சிக்காரருக்கும் வேலை பார்த்ததில்லை.

குற்றாலத்தில் எங்கள் கட்சிக்காரர் ஒருவருக்கு வீடு இருந்தது. சீசனுக்கு மட்டும் மதுரையிலிருந்து வருவார். மற்ற மாதங்களில் சாவி என்னிடம். ஐப்பசியில் அந்தத் தெருவே பூட்டிக் கிடக்கும். தென்காசியில் எங்கள் எதிர்வீட்டு எண்ணெய்க்கடை அண்ணாச்சியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். யார் வந்து கேட்டாலும் ஊரில் இல்லை என்று சொல்ல வேண்டும், என்ன செய்தி என்று காதில் வாங்கிக்கொள்ளவே கூடாது, வாங்கினால் எனக்குச் சொல்லும்படி ஆகிவிடும் என்று சட்ட நுணுக்கத்தோடு விளக்கினேன். அண்ணாச்சி எண்ணெய் அளக்கும் உழக்கின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

புளியறையில் என் மாமனாருக்குக் காய்ச்சல் என்று மாதம் பிறந்தபோது சொல்லிவிட்டிருந்தார்கள். மலையடிவாரத்தில் ஐப்பசியில் காய்ச்சல் இல்லாத வீடு எது? தீபாவளி கழிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம், புதுத்துணியோடு பார்த்தால் அப்பாவுக்கும் சந்தோஷம் என்று என் மனைவி சொன்னாள். மூன்று வருஷமாக அவர் அனுப்பிய தீபாவளிச் சீரை, துட்டி வீடு என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தோம். அவள் தம்பிதான் ஒவ்வொரு முறையும் தலையில் சுமந்து வந்து சுமந்து போவான்.

வில்வண்டியில் முன்னும் பின்னும் பாயைக் கட்டிக்கொண்டு, களவு கொடுத்த வீட்டைத் தாண்டும் கள்ளனைப் போலப் போய்ச் சேர்ந்தோம். மழை. அருவி சிவப்பாக, மலையையே கரைத்துக்கொண்டு விழுந்தது. சாரல் காலத்து அருவிக்குத்தான் பாட்டெழுதுவார்கள்; இதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. பக்கத்தில் நின்று பேசினாலும் காது கேட்காத இரைச்சல். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இங்கே வேட்டு வெடித்தாலும் வெளியே தெரியாது என்று வாயைக் குவித்து மனைவியின் காதில் கத்தினேன். சீசன் முடிந்து பட்டினி கிடந்த குரங்குகள் எங்களைப் பார்த்ததும் கூரைமேல் வரிசையாக வந்து உட்கார்ந்தன. எங்கள் பங்காளிகள் வந்துவிட்டார்கள் என்று மகனுக்குக் காட்டினேன். அவன் ஒவ்வொரு குரங்கையும் பெரியப்பா என்று கூப்பிட ஆரம்பித்தான்.

பிள்ளைகளுக்கு நான் சொல்லி வைத்தது இதுதான்: யாராவது கதவைத் தட்டினால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். சத்தம் போடாதவருக்கு ஒரு முந்திரிக்கொத்து. அதற்கு நாங்கள் ஒத்திகையும் பார்த்தோம். நான் வெளியே போய்த் தட்டுவேன், உள்ளே சத்தமே வராது.

தீபாவளிக்கு முந்தின நாள் உச்சி வேளை. என் மனைவி பயற்றுமாவை உருட்டிக்கொண்டிருந்தாள். நமத்துப்போன ஊசிவெடியை நான் சுளகில் பரப்பி அடுப்புப் பக்கத்தில் வைத்து, வெடித்துவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தேன். தெருக் கோடியில் ஒரு ஆள் வருவதைச் சன்னல் இடுக்கு வழியாக மகள் பார்த்துச் சொன்னாள். சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தான். முகம் தெரியவில்லை. பூட்டிய வீடு ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே வந்தான். பெரியப்பா போய்விட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சுவரோடு ஒட்டினோம். எங்கள் கதவையும் தட்டினான். என்னவோ சொன்னான், அருவி அதை விழுங்கிவிட்டது. மகனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, என் மனைவி மாவுக் கையால் அவன் வாயைப் பொத்தினாள். அவளுக்கும் சிரிப்பு, முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வேடிக்கை எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அந்த ஆள் இன்னொரு தடவை தட்டினான். கொஞ்ச நேரம் நின்றான். அடுத்த வீட்டுக்குப் போனான். சம்மன் சார்வு ஆகாமல், யார் கையிலும் சேராமல் திரும்பியது என்று நான் கோர்ட்டுத் தோரணையில் அறிவித்தேன். ஆளுக்கொரு முந்திரிக்கொத்து.

மறுநாள் தீபாவளியில் ஒரு குறையும் இல்லை. ஊரெல்லாம் தேடி வந்து குளிக்கும் அருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அண்டாவில் வெந்நீர் போட்டுக் குளித்தோம். மகள் அரக்குச் சிவப்பில் புதுப் பாவாடை கட்டி, நிற்காமல் சுற்றினாள். வெடியில் பாதி புகைந்தது, பாதி வெடித்தது. வெடித்த ஒவ்வொன்றுக்கும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், நான்தான் வெடித்தேன் என்பதுபோல. எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. பார்க்க ஆளில்லையே என்று அவளுக்கு ஒரு சின்ன வருத்தம்.

அதற்கடுத்த நாள் காலையில் தென்காசிக்குத் திரும்பினோம். வண்டி தெருவில் நுழையும்போதே தலைக்கு முழுகுவதற்கு என்ன நேரம் நல்லது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு வாசற்படியில் ஒருவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தார். செங்கோட்டைப் பெரியப்பா.

பேய் என்று நினைத்தேன் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்படி நினைக்கவில்லை. சாகவில்லையா என்று எரிச்சல்தான் வந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வண்டியிலிருந்து இறங்கிய என் மனைவியின் புதுப் புடவையைப் பார்த்தார். பிள்ளைகளின் துணியைப் பார்த்தார். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க அப்பா போயிட்டாரு தாயீ. தீபாவளியன்னைக்கு விடியக்காலம். பொழுது அடையுத மட்டும் வச்சிருந்து பாத்தாங்க. மழைக்கு மேல வைக்க முடியல."

 மகன், இவரும் பெரியப்பாவா என்று என் வேட்டியை இழுத்தான்.

மீதியை அவர் இருமி இருமிச் சொன்னார். மாமனார் இரண்டு நாளாக மகளைத்தான் கேட்டிருக்கிறார். தம்பி தென்காசிக்கு ஓடி வந்திருக்கிறான். எண்ணெய்க்கடை அண்ணாச்சி, அவன் வாயைத் திறக்கும் முன்னால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, எனக்கு ஒன்றும் தெரியாது, நீ ஒன்றும் சொல்லவும் வேண்டாம் என்று கடைக்குள் போய்விட்டார். சத்தியம் காத்த மனிதர். வண்டிக்காரனைப் பிடித்து விசாரித்ததில், குற்றாலத்தில் இறக்கிவிட்டேன், எந்த வீடென்று தெரியாது என்று அவன் சொல்லியிருக்கிறான்.

"எந் தம்பி அங்கன வந்தானா மாமா?" என்றாள். அதுதான் அவள் கேட்ட ஒரே கேள்வி.

"வந்தானாம். அந்தத் தெருவுல எல்லா வீட்டையும் தட்டினானாம். ஒரு வீட்டுக்குள்ள பிள்ளை சிரிக்க மாதிரி இருந்துச்சாம். யாரோ சீசன் முடிஞ்சும் போகாத ஊர்க்காரங்கன்னு நெனைச்சுத் திரும்பிட்டானாம்."

அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அதில் மாவு ஒன்றும் இல்லை.

பிறகு பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

"மருமகன் வீட்டுக் கோடி போட ஆளு இல்லலே. எனக்குச் சேதி வந்துச்சு, படுக்கையிலிருந்து எந்திரிச்சு நான் போனேன். உங்க அப்பன் பேரைச் சொல்லித்தான் போட்டேன்."

வாய்க்கால் வரப்புக்கு வழக்காடியவர் அவர். என் இடத்தில் நின்று அந்தத் துணியைப் போர்த்தியவரும் அவர். ஒரு வேடிக்கைப் பேச்சுக்காக நான் வாயைத் துழாவிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

அன்றைக்கே புளியறைக்குப் போனோம். சாம்பலைத்தான் பார்த்தாள். தம்பி அவளோடு சண்டை போடவில்லை. அக்கா சாப்பிட்டாளா என்று தன் பெண்டாட்டியிடம் கேட்டான், அவ்வளவுதான். அவன் திட்டியிருந்தால் அவளுக்கு அழுகை வந்திருக்கும்.

எங்கள் வழக்கத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பெற்ற தகப்பன் செத்தால் மூன்று நாள்தான் தீட்டு. முகமறியாத சுரண்டைச் சித்தப்பாவுக்கு ஒரு தீபாவளியே போகும்; தூக்கி வளர்த்தவருக்கு மூன்று நாள். ஆகவே அடுத்த வருஷம் எங்கள் வீட்டில் பண்டிகைக்குத் தடை ஏதுமில்லை. அவள் எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள், முந்திரிக்கொத்தும் செய்தாள். தான் ஒன்றும் வாயில் போடவில்லை. செங்கோட்டைப் பெரியப்பா ரயிலேறி வந்து, பல்லில்லாத வாயில் ஒரு ஓலைப்பெட்டிப் பலகாரத்தையும் ஒதுக்கிவிட்டுப் போனார். அதன் பிறகு வருஷம் தவறாமல் வந்தார். சாகக் கிடந்தவருக்கு அப்படி ஒரு பசி.

ஒன்று மட்டும் மாறியது. எங்கள் வீட்டுக் கதவில் யாரும் இரண்டாம் தடவை தட்டியதில்லை. அடுப்பில் பால் பொங்கினாலும், கை நிறைய மாவாக இருந்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சலாக இருந்தாலும் அவள் எழுந்து ஓடுவாள். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினால்கூடச் சில சமயம் எழுந்துவிடுவாள். நான் இதைப் பற்றி வேடிக்கை பேசியதில்லை.

சில வருஷம் கழித்து, மகள் தாவணி போட்ட வருஷம், தீபாவளிக்கு முந்தின நாள் கதவு தட்டப்பட்டது. நல்ல மழை. பழைய புத்தி, என் கண் சன்னல் இடுக்கைத்தான் தேடியது. கொங்காணி போட்ட ஒரு ஆள். செங்கோட்டைப் பெரியப்பா கடைசியில் வகையறா வழக்கத்துக்கு வந்துவிட்டார் என்பது புரிந்தது. வேண்டாம் என்று நான் கையைக் காட்டுவதற்குள் அவள் தாழ்ப்பாளை நீக்கிவிட்டாள்.

"மழையில நிக்காதீரும்," என்றாள் அவனிடம். "உள்ள வந்து முழுசாச் சொல்லும்."

அவன் முழுசாகச் சொன்னான். அவள் முழுசாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அடுப்பிலிருந்து எண்ணெய்ச் சட்டியை இறக்கினாள். மகள் ஒன்றும் கேட்காமல் புதுத் தாவணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். எதிர்வீட்டில் வெடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.