களத்தில் விரித்த வேட்டி

என் மாமா விமானம் ஓட்டப் பழகுகிறார் என்பதை உருத்திரபுரத்தில் முதலில் ஒருவரும் நம்பவில்லை. அவர் அம்மாவின் ஒரே தம்பி. தாயில்லாத பிள்ளையை அம்மாதான் வளர்த்து ஆளாக்கினார். கொழும்பில் கந்தோரில் எழுத்து வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரத்மலானைக்குப் போய் விமானம் ஏறுவார். அன்று முழுக்க அம்மா இங்கே விரதம் இருப்பார்.

லீவில் வந்தால் மாமா குசினிக் கதிரையில் இருந்து, அகப்பையை விமானத்தின் பிடிபோல முழங்கால்களுக்கு நடுவே பிடித்தபடி எனக்கு எல்லாம் விளங்கப்படுத்துவார். முதலில் டொக்டர் கண்ணைச் சோதிப்பாராம். பிறகு மாதக்கணக்கில் ஏற்றுவதும் இறக்குவதும்தான். வாத்தியார் பக்கத்தில் இருந்து ஏசிக்கொண்டேயிருப்பாராம். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அவர் இறங்கிப் போய்விட, தனியே ஏறவேண்டுமாம். அதையும் மாமா முடித்துவிட்டார். மிச்சம் தூரப் பயணம். வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு, ரயில் பாதையையும் குளங்களையும் பார்த்துப் பார்த்துப் பலாலி விமான நிலையம்வரை தன்னந்தனியே போகவேண்டும்.

“வழி தவறினால் என்னடா செய்வாய்?” என்று அம்மா கேட்டார்.

“களத்தில அத்தான்ர வேட்டி ஒண்டை விரிச்சு விடுங்கோ அக்கா. அதைப் பார்த்து வழி பிடிப்பன்.”

அவ்வளவுதான். வேட்டி தெரியாவிட்டால் தம்பி கடலுக்குள் போய்விடுவான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். நானும் அப்படியே நம்பினேன்.

அறுவடை முடிந்திருந்தது. சொன்ன நாளன்று நீலம் போட்டுத் தோய்த்த ஐயாவின் வேட்டியைச் சூடு மிதிக்கும் களத்தில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தோம். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்துக் காணியிலும் வேட்டி. அதற்கடுத்த காணியிலும் வேட்டி. வாய்க்கால் நீளத்துக்கு எல்லாக் களத்திலும் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. ஐயா சங்கக்கடையில் பெருமையடித்து வைத்திருந்தார். பெரிய மனிதர் வந்தால் நிலபாவாடை விரிக்கிற சனம், வானத்தால் வருகிறவருக்கு மட்டும் மரியாதை குறைக்குமா?

“எங்கட பொடியனெல்லோ பிள்ளை வாறான்,” என்றார் பக்கத்துக் காணி மாமி.

அம்மாவால் ஏசவும் முடியவில்லை. இத்தனை வெள்ளைக்குள் தம்பி எதைப் பார்த்து வழி பிடிப்பான்? எங்கள் வேட்டியைச் சுருட்டி எறிந்துவிட்டு வீட்டுக்குள் ஓடினார். அலுமாரியில் எவரையும் தொடவிடாத தன் சிவப்புக் கல்யாணக் கூறையை எடுத்துக்கொண்டு களத்துக்குத் திரும்பவும் இரைச்சல் கேட்கவும் சரியாக இருந்தது.

“விரியுங்கோ அம்மா!” என்று கத்தினேன். அம்மாவுக்கு அது காதில் விழவில்லை. கூறையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்து, கண்களை மூடி, வற்றாப்பளை அம்மாளாச்சியைக் கூப்பிட்டபடி நின்றார். விமானம் ஒரு வட்டம் அடித்து, செட்டையைச் சரித்துக் காட்டிவிட்டு வடக்கே போனது. தன் வேட்டிக்குத்தான் அது சரிந்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள். எனக்கோ அழுகை வந்தது. மாமா தொலைந்தார் என்றே நினைத்தேன். பத்திரமாக இறங்கிவிட்டார் என்ற தந்தி மறுநாள்தான் வந்தது.

வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்கு மாமா வந்தார். வந்ததும் வராததுமாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்கட வேட்டியைக் கண்டுதான் அக்கா வழி பிடிச்சனான்.”

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் நுள்ளினார்.

“ஓமடா. நல்ல வெள்ளையாப் பார்த்துத்தான் விரிச்சனான்.”

இரண்டு பேரும் சொன்னது பொய். இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லிவிட்டு இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் தொடையைத் தடவிக்கொண்டிருந்தேன்.