மனைவியைக் கூட்டி வரச் சொன்ன டாக்டர்

தொண்ணூறுகளில் நானும் அவனும் மயிலாப்பூரில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். வீட்டுக்காரர்களைப் பொறுத்தவரை நாங்கள் ரூம்மேட்டுகள். சமையல் அவனுடையது, குறை சொல்வது என்னுடையது. சந்தோஷமான குடித்தனம்தான். இடையில் எனக்கு மருக்கள் வந்தன, யாரிடமும் காட்ட முடியாத இடத்தில்.

பயந்து நடுங்கி ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். எய்ட்ஸ் இல்லை என்றார்கள். அன்று அவன் பாயசம் வைத்தான். ஆனால் மருக்கள் அப்படியே இருந்தன. கடைசியில் வெட்கத்தை விட்டு, பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு தெருவில் இருந்த தோல் டாக்டரிடம் போனேன். சரியான சிடுமூஞ்சி. பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். வாய் தானாக "ஆச்சு" என்றது. பழுப்பாக ஒரு மருந்தைத் தடவிவிட்டார்.

"இது வைரஸ். ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்குத் தொத்தும். உங்க மனைவியையும் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா நீங்க வந்துக்கிட்டே இருப்பீங்க, நான் தடவிக்கிட்டே இருப்பேன்."

மனைவியோ மீசையும் லுங்கியுமாக வீட்டில் வத்தக்குழம்பு தாளித்துக்கொண்டிருந்தார். அவனுக்கும் மருக்கள் இருந்தன. அவனைக் கூட்டிப்போனால் டாக்டர் இருவரையும் வெளியே துரத்திவிடுவார், என் வைத்தியமும் நின்றுபோகும் என்று பயந்தோம். கூட்டிப்போகாவிட்டால் இது தீரவே தீராது.

வடபழனியில் எங்களுக்கு ஒரு தோழி இருந்தாள். திருநங்கை. சினிமாத் துணை நடிகைகளுக்குச் சடை பின்னிவிடும் வேலை. என்னைவிட மூத்தவள், அதனால் அக்கா. அவளிடம் போய்ப் புலம்பினேன்.

"இதுக்கா இப்டி அழுதுக்கினு கீற? நான் வரேன்டா உன் பொண்டாட்டியா."

அக்காவுக்கும் அதே மருக்கள் ரொம்ப நாளாக இருந்தன. போன ஆஸ்பத்திரிகளில், ஆண்கள் வரிசையா பெண்கள் வரிசையா என்று கேட்டுச் சிரித்தே விரட்டியிருந்தார்கள். "பொண்டாட்டின்னா மருந்து குடுத்துத்தானே ஆவணும்? வாங்கியாந்து மூணு பேரும் பூசிக்கலாம்" என்றாள்.

"டாக்டர் பார்க்கணும்னு சொன்னா?"

"நம்பள எந்த டாக்டருடா தொட்டுப் பாத்துக்கீறான்? அந்தாண்ட குந்திக்கினே எழுதிக் குடுத்துத் தொரத்துவான்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மனைவி வேஷம் போட்டால் மனைவியைப் போலத்தான் நடத்துவார்கள் என்பது எங்கள் இரண்டு மண்டைகளுக்கும் எட்டவில்லை. பஸ்ஸில் போகும்போது ஒத்திகை வேறு நடந்தது. கல்யாணம் வடபழனி முருகன் கோயிலில். குழந்தை இன்னும் இல்லை. மாமியார் பொல்லாதவள். இந்தக் கடைசி விஷயத்தை அக்கா தானாகச் சேர்த்துக்கொண்டாள்.

பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக அவள் உட்கார்ந்ததை டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டே, "திரைக்குப் பின்னால போய்ப் படுங்கம்மா" என்றார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளை அந்த நிலைமைக்கு இழுத்து வந்துவிட்டேனே என்று தோன்றியது. "அக்கா, வாக்கா, போயிடலாம்" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். "பொண்டாட்டியை அக்கான்னா கூப்பிடுவீங்க?"

அக்காதான் பதில் சொன்னாள். "பொண்டாட்டி இல்ல டாக்டர். நான் ஆம்பளையாப் பொறந்தவ. ஆனா எனக்கும் இந்த நோவு கீது. பாக்கறதுன்னா பாருங்க, இல்லாங்காட்டி போறோம்."

டாக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். எரிச்சல் அப்படியே முகத்தில் இருந்தது. "வெளியில எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க தெரியுமா? போய்ப் படுங்கம்மா" என்றார்.

அக்கா திரைக்குப் பின்னால் போனாள், டாக்டரும் போனார். பிறகு அக்காவின் குரல் கேட்டது. "இது வராம இருக்க ஊசி எதுனா கீதா டாக்டர்?"

"இன்னும் வரலை. வந்தா உனக்குத்தான் முதல்ல போடறேன். ஆடாம இரு."

அந்த ஊசி பல வருஷம் கழித்துத்தான் வந்தது. எச்.பி.வி. தடுப்பூசி என்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று இளைய நண்பர்களிடம் அலுக்காமல் சொல்லிவருகிறேன். அவர்களுக்குத்தான் அலுத்துவிட்டது.

டாக்டர் கை கழுவிக்கொண்டே என்னிடம் திரும்பினார். "அப்போ உங்க வீட்டுல யாரு?"

பொய் சொல்லக் களைப்பாக இருந்தது. "என் சிநேகிதன் டாக்டர். ஒண்ணாத்தான் இருக்கோம்" என்றேன். வெளியாள் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை.

"அதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன? அடுத்த வாரம் மூணு பேரும் வாங்க. வேஷமெல்லாம் வேண்டாம்."

தெருவுக்கு வந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவனைத் தைரியமாகக் கூட்டி வரலாம், முழுசாகக் குணமாகிவிடலாம் என்று நான்பாட்டுக்குப் பேசிக்கொண்டே நடந்தேன். பதில் வராததால் திரும்பிப் பார்த்தேன். அக்கா ஒரு வளையல் கடை வாசலில் நின்றுவிட்டிருந்தாள். கண்மை கன்னத்தில் வழிந்திருந்தது, ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"கைய வெச்சுப் பாத்தாருடா" என்றாள். "வலிக்குதாம்மான்னு கேட்டாருடா."