கயிறு பிடித்து வாங்கின கார்க் காசு

காடு வெட்டி எட்டு ஏக்கர் வயல் ஆக்கினவன் நான். கண்டாவளையில் அரிசி ஆலை போட்டவனும் நான். முதல் தரம் கட்டிய சுவரை யானை தள்ளியது. இரண்டாம் தரம் போட்ட அத்திவாரத்தை வெள்ளம் கரைத்தது. மூன்றாம் தரம் கட்டியது இன்றும் நிற்கிறது. படிப்பு? மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாட்டுக்குப் பின்னால்...

இது உங்களுக்குத் தெரிந்த கதைதான். இந்தப் பத்தியில் வாராவாரம் சொல்கிறேனே. ஆனால் செபமாலையின் காருக்கு நான் செய்தது தெரியாது.

செபமாலை முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவன். கடலை விட்டுவிட்டு எங்கள் ஊருக்கு வந்து, பழைய மொறிஸ் மைனர் ஒன்றை வாடகை ஹயருக்கு ஓட்டுகிறான். ஐந்து பிள்ளைகளுக்கும் அந்தக் கார்தான் சோறு. போன மாதம் நெல் லொறி ஒன்று பின்னால் இடித்து, காரை மதகோடு சேர்த்து நசுக்கிவிட்டது. ஆள் தப்பியது அந்தோனியார் புண்ணியம்.

நல்லகாலம், ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தது. காரைப் பார்த்து எழுதுவதற்குக் கொழும்பிலிருந்து ஒரு ஐயா வருவதாகக் கடிதம் வந்தது. 'முழு நட்டம்' என்று அவர் எழுதினால் வேறு கார் வாங்கலாம். 'திருத்தலாம்' என்று எழுதினால் திருத்துக் கூலி மட்டும்தான்; அந்த நசுங்கின காரோடுதான் மிச்சக் காலம்.

"அண்ணை, நீங்களும் பக்கத்திலை நில்லுங்கோ" என்றான். போனேன். போய்ப் பார்த்தால்... கார் பளபளவென்று நிற்கிறது.

"என்னடா இது?"

அவன் தலையைச் சொறிந்தான். மனைவி பிலோமினாதான் பதில் சொன்னா.

"கொழும்பிலையிருந்து பெரிய மனுசன் வாறார். இந்தக் கோலத்திலையே காட்டுறது? அதுதான் கராச்காரரைக் கொண்டு தட்டி நிமித்தி, பெயின்ற் அடிச்சு, நான் தேங்காய்ப் பொச்சுப் போட்டுத் தேய்ச்சனான்."

வீட்டுக்கு ஆள் வந்தால் முற்றம் கூட்டுகிற சாதி நாங்கள். காரையும் கூட்டிவிட்டார்கள்.

இன்சூரன்ஸ் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துப் பெடியன்தான். இரண்டு தரம் சுற்றிப் பார்த்தார்.

"உடைஞ்ச கார் எங்கை?"

"இதுதான் ஐயா" என்றான் செபமாலை.

"இது திருத்தக்கூடிய வாகனம். இனி என்ன, ஓட வேண்டியதுதானே?"

பேனையைத் திறந்துவிட்டார். செபமாலையின் முகம் செத்துப்போனது. பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. நான் பொத்துவேனா?

"தம்பி, பேனையைக் கொஞ்சம் மூடுங்கோ. எனக்கு இங்கிலீசு தெரியாது, கயிறு தெரியும்."

கிணற்றடியில் கிடந்த கயிற்றை எடுத்தேன். முன் இடப்பக்கச் சில்லின் நடுவிலிருந்து பின் வலப்பக்கச் சில்லின் நடுவுக்கு இழுத்துப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டேன். பிறகு அதே கயிற்றை மற்ற மூலைக்கு மூலை பிடித்தேன். முடிச்சு சில்லின் நடுவுக்கு வராமல் நாலு விரல் தள்ளி நின்றது.

"என்ன ஐயா இது?" என்று இன்சூரன்ஸ்காரர் என்னைக் கேட்டார்.

"வீட்டுக்கு அத்திவாரம் வெட்டேக்கை மூலைக்கு மூலை இப்பிடித்தான் பிடிப்பம். ரெண்டும் ஒண்டா வந்தாத்தான் அறை சதுரம். இந்தக் கார் சதுரம் இல்லைத் தம்பி. மேலைதான் பவுடர், உள்ளுக்கு இடுப்பு முறிஞ்சு கிடக்கு."

அவர் கயிற்றை வாங்கித் தானே பிடித்துப் பார்த்தார். இன்னொரு தரமும் பிடித்தார். பிறகு புது லோங்ஸ் காற்சட்டையோடு நிலத்தில் படுத்துக் காருக்கு அடியில் புகுந்தார். எழும்பி வரும்போது முகத்தில் சிரிப்பு.

"அடிச்சட்டம், சேசிஸ், முறுகிப்போச்சு. காசு எடுக்க ஆக்கள் இன்னும் கூடுதலா உடைச்சு வைச்சுக் காட்டுவினம். உடைஞ்சதை ஒளிச்சு வைச்ச ஆக்களை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

"நான் தேய்ச்சது கூடிப்போச்சோ ஐயா?" என்று பிலோமினா கேட்டா.

"ஓம் அக்கா, கொஞ்சம் கூடத்தான்."

முழு நட்டம் என்று எழுதினார். காசு வந்தது. இப்போது முற்றத்தில் வேறொரு மொறிஸ் மைனர் நிற்கிறது — மூலைக்கு மூலை நானே கயிறு பிடித்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தது.

போன ஞாயிறு அதற்கு நன்றிப் பூசை. நானும் கோயிலுக்குப் போய்ப் பின் வாங்குப் பலகையில் இருந்தேன். சுவாமியார் ஆண்டவருக்கு நன்றி சொன்னார், சரி. அந்தோனியாருக்கு நன்றி, அதுவும் சரி. இன்சூரன்ஸ் கடிதத்தை இங்கிலீசில் எழுதிக் கொடுத்த பள்ளிக்கூட மாஸ்டருக்கும் பெயர் சொல்லி நன்றி.

என் பெயர்? மூச்சில்லை.

சுவாமியாரும் இந்தப் பத்தி வாசிக்கிறவர்தான். அவருக்கே சொல்கிறேன்... அந்தோனியாருக்கு அடுத்ததாக, மாஸ்டருக்கு முன்னால், என் பெயரையும் வருகிற ஞாயிறு வாசிக்க வேண்டும். கடைசி வாங்குக்கும் கேட்கிற மாதிரி.