முகூர்த்தப் புடவையும் நிமோனியா ஜுரமும்

அந்த ஐப்பசியில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இருமல். ஈரக்காற்றில் பட்டிழை பிசுபிசுத்துப் போகும் என்று ஜன்னலைச் சாத்தி, தறிக்குப் பக்கத்தில் கரியடுப்பு மூட்டிவைப்போம். அது பட்டுக்கு நல்லதோ என்னவோ, எங்கள் நெஞ்சுக்கு நல்லதில்லை. போதாததற்கு, காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் தறிக்குழியின் ஜில்லிப்பு, ஆண்களின் பீடி, அரை வயிற்றுக் கஞ்சி. ஜுரம் உள்ளே நுழைய வேறென்ன வேண்டும்?

முதலில் விழுந்தவர் என் கணவரின் அண்ணன். எங்கள் வீட்டில் இரண்டு தறி. அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. பாதிப் புடவையில் ஆள் மாறினால் நெசவின் அழுத்தம் மாறும், துணியில் கோடு விழும். அதனால் அவர் நடுங்கிக்கொண்டே நெய்து முடித்து, புடவையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்தார். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "நிமோனியா முத்திடுச்சே. இப்பவா கூட்டிக்கினு வருவீங்க?" என்றார். பென்சிலின் ஊசி போட்டும் பிழைக்கவில்லை.

காரியம் முடிந்த கையோடு என் கணவருக்கும் அதே நடுக்கம், விலாவில் அதே குத்தல். அவர் தறியில் இருந்தது முகூர்த்தப் புடவை.

"இன்னும் கொஞ்சம்தான் இருக்குது. அறுத்துட்டு வரேன்."

"சுவர் இருந்தாத்தானே சித்திரம்! உங்க அண்ணனும் இதத்தானே சொன்னாரு?" என்று கத்தினேன். பிறகு கெஞ்சினேன். மனிதர் அசையவில்லை. பயத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போது அண்ணனின் மனைவி, என் ஓரகத்தி, உள்ளறையிலிருந்து வந்தார். கணவனை இழந்தவள் முகூர்த்தப் புடவை நெய்யும் தறிப் பக்கமே வரக்கூடாது. தொட்டால் அது கல்யாணத்துக்கு ஆகாது. கேடுகெட்ட வழக்கம்தான். ஆனால் எங்கள் எல்லாருக்கும் அதில் நம்பிக்கை இருந்தது. அவர் நேராக வந்து, நெய்த பட்டின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தார்.

"நான் தொட்டுட்டேன்பா. இனிமே இது ஆவாது. எழுந்து வா, டாக்டர்கிட்ட போலாம்."

கணவர் பட்டின் மேல் இருந்த அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தறிக்குழியிலிருந்து மெல்லக் காலை எடுத்தார். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி, ரிக்ஷாவில் ஏற்றினோம்.

அதே டாக்டர்தான் இருந்தார். பார்த்த உடனே ஊசி போட்டார். "பயப்படாதீங்கமா. நேரத்தோட வந்துட்டீங்க, பொழச்சுக்குவாரு" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன் கணவனைத் தூக்கிப் போன அன்றுகூட வாய்விட்டு அழாத என் ஓரகத்தி, "நேரத்தோட..." என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து கதறி அழுதார்.