நீல முடிச்சு போட்ட பல்

பதினோரு வருஷத்தில் நான்காவது முறையாக உனைசி புருஷனை விட்டு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். தீவில் ஓடும் ரேவா ஆற்றில் மூச்சைப் பிடித்து முங்கி, மட்டி எடுத்து விற்றுப் பிழைக்கிறவள். இந்த முறை அவன் அடித்ததில் விலா எலும்பில் விரிசல். மூச்சை இழுத்தாலே உயிர் போனது.

முந்தைய மூன்று முறையும் நடந்தது ஒன்றேதான். புருஷன் நெமானியின் வீட்டார், ஊர் வழக்கப்படி மன்னிப்புக் கேட்கத் திமிங்கலப் பல்லோடு வந்து தரையில் உட்காருவார்கள். அவன் தலையைத் தொங்கப் போடுவான். உனைசி வீட்டு ஆண்கள் பல்லை வாங்கிக்கொண்டால் வழக்கு முடிந்தது. அவள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். வாங்க மாட்டோம் என்று அந்த ஊரில் யாரும் சொன்னதில்லை. அவ்வளவு மானஸ்தர்கள்.

குடித்தால் மிருகம், குடிக்காவிட்டால் தங்கம் என்று நெமானியைப் பற்றி ஊரே சொல்லும். அந்தத் தங்கத்தோடு குடும்பம் நடத்தியவள் உனைசி ஒருத்திதான். எவ்வளவு ரம் உள்ளே போனாலும் அவன் கை ஊர்த் தலைவர் மேல் பட்டதில்லை, அவன் வேலை பார்க்கும் மர ஆலை மேஸ்திரி மேலும் பட்டதில்லை. அவள் மேல் விழும்போதுகூட, துணி மறைக்கிற இடமாகப் பார்த்துத்தான் விழும். கண் தெரியாத போதைக்கு அது மட்டும் எப்படித் தெரிகிறது என்று கேட்டால், அண்ணன் ருபேனி கூரையைப் பார்ப்பான். குடியை விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பான்.

சனிக்கிழமை மத்தியானம் நெமானியும் அவன் வீட்டாரும் வந்தார்கள். ஆண்கள் பாயில், நடுவில் லேசாகக் கிறக்கும் கவா வேர்ச்சாற்றுச் சட்டி. உனைசி வாசலோரம். நெமானியின் பெரியப்பா இலைதியா பல்லை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உருகி உருகிப் பேசினார். பிள்ளை பத்து நாளாக ஒரு சொட்டுத் தொடவில்லை, கவாகூட வாயில் வைக்கவில்லை, அன்றைக்கு அடித்தது அவன் இல்லை, பாட்டில்தான் என்றார். ருபேனி வாங்கக் கையை நீட்டினான்.

அப்போதுதான் உனைசி பல்லில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள். தேங்காய் நார்க் கயிறு ஓரிடத்தில் அறுந்து, நீல நைலானால் முடியப்பட்டிருந்தது. பதினாறு வயதில், அப்பா வைத்திருந்த திமிங்கலப் பல்லுக்கு மீன்வலை நூலால் அவளே போட்ட முடிச்சு. இந்த வீட்டுப் பெட்டியில் இருக்க வேண்டிய பல்.

"அண்ணே, இது நம்ம அப்பாவோடதுதானே?"

ருபேனி நிமிரவில்லை. "அவங்ககிட்ட இருந்ததெல்லாம் போன தடவையோட தீந்துபோச்சு. வெறுங்கையோட வந்தா சபையில அசிங்கமாயிடும்னு நான்தான் நேத்துக் கொடுத்தேன்."

தங்கையைத் தள்ளிவிட அவ்வளவு அவசரம்.

"அப்ப என்னை அடிச்சதுக்கு நம்ம வீடே நம்ம வீட்டுகிட்ட மன்னிப்புக் கேக்குதா?"

எழுந்து போய், பெரியவர் கையிலிருந்த பல்லை எடுத்துக்கொண்டாள். "இது எங்களோடது. நீங்க எதுவும் கொண்டு வரல. நான் வர மாட்டேன்."

நெமானி பாயை மிதித்துக்கொண்டு வந்தான். கூந்தலைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினான். துணி மறைக்கிற இடம் பார்க்க இந்த முறை மறந்துவிட்டான். சபை மொத்தமும் பார்த்தது. உதடு கிழிந்து பாயில் ரத்தம் சொட்டியது. இரண்டு பேர் பாய்ந்து அவனைப் பிடித்தார்கள். அவன் வாயில் எந்த வாடையும் இல்லை.

உனைசி புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"மாமா, இப்ப அடிச்சது எந்த பாட்டிலு?"

இலைதியா பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போலீஸுக்கு ஃபோன் போட்டது ருபேனிதான். இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தினான். உனைசி பல்லை மடியில் வைத்துக்கொண்டு, மூன்றாவது முறையாவது சரியாக அழுத்துகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.