காப்பீட்டு அட்டையோடு ஸ்ரீரங்கம் போய் வந்தேன்

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் படுப்பவளுக்கு ஊர் சுற்றும் ஆசை எதற்கு என்று விழுப்புரத்தில் என் வீட்டிலேயே கேட்டார்கள். எனக்கு ஆசை, அவ்வளவுதான். சிறுநீரகம் கெட்டதிலிருந்து இரண்டு வருடமாக ஊரைத் தாண்டவில்லை. மார்கழிக் கூட்டம் ஓய்ந்ததும் ஒரு வியாழக்கிழமை காலை ரயிலேறினேன். அன்று மதியம் திருச்சியில் டயாலிசிஸ், வெள்ளி ரங்கநாதர், சனி மறுபடி விழுப்புரம் மெஷின். இதுதான் திட்டம்.

ஜங்ஷனிலிருந்து மன்னார்புரம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்தேன். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் அரசு காப்பீட்டு அட்டை செல்லுமா என்று போனில் கேட்டு, செல்லும் என்றதும் இடமும் சொல்லி வைத்திருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண்ணோ, "வெளி மாவட்ட அட்டை செல்லாதுங்கம்மா. பணம் கட்டிடுங்க, உடனே மெஷின்ல போட்டுடலாம்" என்றாள்.

கையில் பணம் இருந்தது. கால் வேறு வீங்கியிருந்தது. தொலையட்டும் என்று பர்ஸைத் திறந்தேன். பக்கத்து நாற்காலியில் தன் முறைக்குக் காத்திருந்தார் பாலக்கரை பாய் ஒருவர். சவுதியில் லாரி ஓட்டி, உடம்பு கெட்டுத் திரும்பியவராம். "நீங்க கட்டிட்டீங்கன்னா அதுவே வழக்கமாயிடும்மா. அடுத்து வர்றவங்க எங்க போவாங்க?" என்றார்.

சுருக்கென்றது. பர்ஸை மூடிவிட்டு, அட்டையின் பின்பக்கம் இருந்த இலவச எண்ணுக்கு அங்கேயே ஸ்பீக்கரில் பேசினேன். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்றால் எந்த மாவட்ட அட்டையும் செல்லும், தனியாகப் பணம் வாங்கக்கூடாது என்று எல்லார் காதிலும் விழுந்தது. "அப்போ ஏன் செல்லாதுன்னு எழுதிக் குடுங்க" என்றேன். அந்தப் பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, அட்டையை வாங்கிக்கொண்டாள். பாவம், அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னாள்.

அதற்குள் என் மெஷினில் வேறொருவர் படுத்துவிட்டார். அப்போதுதான் பயந்தேன். பாய் எழுந்து நர்ஸிடம், "என் இடத்துல இவங்களைப் போடுங்க, வெளியூர்லேந்து வந்திருக்காங்க. நான் சாயங்காலம் படுத்துக்கறேன்" என்றார். டயாலிசிஸ்காரர்கள் ஷிப்ட் மாற்றிக்கொள்வது எல்லா ஊரிலும் உண்டுதான். இருந்தாலும் கண் கலங்கிவிட்டது. கிளம்புமுன் இருவரும் போன் நம்பர் வாங்கிக்கொண்டோம்.

வெள்ளி காலை பஸ் பிடித்து ஸ்ரீரங்கம். பெருமாளைக் கண்குளிரப் பார்த்தேன். நாளுக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று எனக்கு அளவு உண்டு. "தீர்த்தம் கொஞ்சமாப் போதும் சுவாமி" என்றதும் பட்டர் சிரித்து, "பேஷா சேவிச்சுண்டு போங்கோ" என்று உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். அதையும் அன்றைய அளவில் சேர்த்துக்கொண்டேன்.

என்னைப் போலக் கிளம்புகிறவர்களுக்கு: மருத்துவமனையின் சம்மதத்தை வாட்ஸப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி டயாலிசிஸ் சீட்டும் ரத்தப் பரிசோதனை முடிவும் கையில் இருக்கட்டும். கோயிலை மறுநாளுக்கு வையுங்கள். பணம் கேட்டால் பர்ஸுக்கு முன் போனை எடுங்கள். அரசாங்கமும் கொடுத்து நாமும் கொடுத்தால் வைத்தியச் செலவு எந்தக் காலத்தில் குறையும்?

சனிக்கிழமை விழுப்புரத்தில் மெஷினில் படுத்திருந்தபோது பாய் போன் செய்தார். "காரைக்குடிலேந்து இன்னைக்கு ஒரு அம்மா வந்தாங்க. அட்டையை நீட்டினாங்க, வாங்கிக்கிட்டாங்க. பணம்ங்கற பேச்சே எடுக்கலம்மா."